வேரைக் கழுவிப் பார்த்த விஞ்ஞானி: சர் ஆல்பர்ட் ஹோவர்டு

ஒகேனக்கல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவன பரிசலும், எண்ணெய்க் குளியலும், சுடச்சுட வறுத்த மீனுமே. இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவில் நாங்களும் அவற்றைத்தான் எதிர்பார்த்துப் போனோம். ஆனால் சின்னாறு காவிரியோடு கலக்கும் இடத்திற்கு அருகே எங்கள் அறிவியல் சகோதரி எங்களை நிறுத்திவிட்டார்கள். எதிரே ஒரு கரும்பாறை. அதன் பிளவில், கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில், ஒரு அத்திக்கன்று தளதளவென்று நின்றுகொண்டிருந்தது. விதைப்பவர் உவமையில் பாறை மேல் விழுந்த விதை காய்ந்துபோனதைச் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அப்படியிருக்க, இந்த அத்தி மட்டும் எதைத் தின்று வளர்கிறது என்று சகோதரி கேட்டார்கள். தண்ணீர் என்றோம், காற்று என்றோம், வெயில் என்றோம். அத்தோடு எங்கள் அறிவு தீர்ந்துவிட்டது.

விடையின் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே இருக்கிறது. ஒகேனக்கல்லை ஒட்டிய பகுதியில் கார்பனடைட் என்னும் அபூர்வமான பாறை வகை காணப்படுகிறது. பூமியின் ஆழத்திலிருந்து எழும்பிய அப்பாறைக்கு வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கணித்துள்ளனர். அதில் அப்பட்டைட் என்ற கனிமம் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் இறுகப் பிணைந்த பொருள் அது. உழவர்கள் மணிச்சத்து என்று சொல்லும் சத்து இந்தப் பாஸ்பரஸ்தான். தழைச்சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும். மணிச்சத்து குறைந்தாலோ வேர் ஓடாது, தூர் கட்டாது, மணி பிடிக்காது. (நம் மாவட்டத்துக் கிணற்று நீரில் மிகுந்திருக்கும் புளோரைடும் இத்தகைய பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வருவதே. அப்பட்டைட்டும் அவற்றுள் ஒன்று. நம் பாட்டிமாரின் பற்களில் படிந்த கறைக்கும் கேழ்வரகின் மணிக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று யார் நினைத்தார்!)

ஆனால் பெட்டியில் பணம் இருந்தால் போதுமா? சாவி வேண்டுமே. பாறையிலும் மண்ணிலும் உள்ள பாஸ்பரசில் பெரும் பகுதி நீரில் கரைவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்கிறது. பென்னாகரத்துச் செம்மண் போன்ற மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. வேர் நீரில் கரைந்ததை மட்டுமே உறிஞ்ச வல்லது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு உலகம் மெல்ல மெல்லத்தான் விடை கண்டது. அதற்கு நம் நாட்டு வயல்களிலே இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நலம். மண்ணில் உயிர் இருக்கிறது என்று உலகெங்கும் முழங்கியவர் அவர். அவசரப்பட்டுச் சில இடங்களில் தவறியவரும் அவரே.

ஆல்பர்ட் ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாளன்று, இங்கிலாந்தின் சிராப்சயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்ற ஊரில் பிறந்தார். உழவர் குடும்பம். இலண்டனில் ராயல் அறிவியல் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் புனித யோவான் கல்லூரியிலும் பயின்று, 1896-இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே வேளாண்மைப் பட்டயமும் பெற்றார். 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், கரும்பு, கொக்கோ ஆகியவற்றைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் பணியில் அமர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நோய்க்கு மருந்து சொல்கிறோம். ஆனால் அந்த மருந்தை நாமே வயலில் இட்டுப் பார்க்க நமக்கென்று ஒரு முழம் நிலமும் இல்லையே என்பதே அது. சொந்தமாகப் பயிர் செய்யாதவன் பிறருக்குப் பயிர்த்தொழில் கற்பிப்பது எங்ஙனம் என்ற உறுத்தல் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

தாயகம் திரும்பிக் கென்ட் பகுதியின் வை கல்லூரியில் சில காலம் பணியாற்றியபின், 1905-இல் இந்திய அரசின் பொருளியல் தாவரவியலாராக நியமனம் பெற்று இங்கு வந்தார். பீகாரில் பூசா என்ற சிற்றூரில், கர்சன் பிரபுவின் காலத்தில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய 30,000 பவுன் நன்கொடையைக் கொண்டு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் அக்கட்டிடம் இடிந்தது. பிறகு 1936-இல் நிலையம் டில்லிக்கு மாறியது. பெயர் மட்டும் பூசா என்றே நிலைத்துவிட்டது. டில்லி செல்வோர் பூசா என்று கேட்டுக் குழம்பாதிருக்க இதையும் சொல்லி வைத்தோம்.

அதே 1905-இல் பம்பாயில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் கேப்ரியல் மத்தாய். நம் பள்ளியின் மாணவியர் இந்தப் பெயரைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது எம் விருப்பம். 1876-இல் பிறந்த கேப்ரியல் அம்மையார் கேம்பிரிட்ஜின் நியூனம் மகளிர் கல்லூரியில் படித்தவர். இலைகள் கரியமில வாயுவை உட்கொள்வதில் வெப்பமும் வெளிச்சமும் எவ்வாறு வேலை செய்கின்றன என்று பிளாக்மன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி இன்றும் தாவரவியல் வரலாற்றில் இடம்பெறுகிறது. அப்படிப்பட்டவருக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தரவில்லை. தேர்வு எழுதலாம், முதல் வகுப்பில் தேறலாம். பட்டம் மட்டும் ஆண்களுக்கே. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான். அம்மையார் அதைக் காண உயிரோடு இல்லை.

பூசாவில் கணவனும் மனைவியும் ஒரே வயலில் இறங்கி வேலை செய்தார்கள். தொடக்கத்தில் அம்மையாருக்கு அரசாங்கப் பதவி ஏதும் இல்லை. 1913-இல் இரண்டாம் பொருளியல் தாவரவியலார் என்ற பதவி வழங்கப்பெற்றது. கைசர்-இ-ஹிந்து தங்கப் பதக்கமும் அவ்வாண்டே கிடைத்தது. இருவர் பெயரும் சேர்ந்து வெளிவந்த நூல்களும் கட்டுரைகளும் பல. அவற்றுள் எது அவருடையது, எது இவருடையது என்று பிரிக்க முடியாது. ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஆல்பர்ட்டை மட்டுமே. இக்கட்டுரைத் தலைப்பிலும் அவர் பெயரே வந்துவிட்டது, மன்னிக்கவும்.

அவர்களுடைய முதல் வெற்றி கோதுமையில். நாட்டுக் கோதுமை வகைகளைத் திரட்டி, தேர்ந்து, கலந்து, பூசா 4, பூசா 12 முதலிய இரகங்களை உருவாக்கினார்கள். அவை வட இந்தியாவில் இலட்சக்கணக்கான ஏக்கரில் பரவின. இந்தக் காலத்தில்தான் ஹோவர்டு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். சுற்று வட்டார உழவர்கள் பூச்சிமருந்தும் செயற்கை உரமும் இல்லாமல் எவ்வாறு நல்ல விளைச்சல் எடுக்கிறார்கள் என்று அவர்கள் வரப்பில் நின்று கவனிப்பதே அது. அந்த உழவர்களையும், பயிரைத் தின்ன வரும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். ஆள வந்த நாட்டின் அதிகாரி ஒருவர், ஆளப்பட்ட நாட்டு எளிய உழவனிடம் பாடம் கேட்டார் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று.

அவர் கண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். நல்ல தீவனம் தின்று வளர்ந்த தம் காளைகள், கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கை உராய்ந்தும் நோய் கொள்ளவில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். இதை நம்பி எவரும் மாட்டுக்குத் தடுப்பூசி போடாமல் இருந்துவிட வேண்டாம். சில மாடுகளைக் கண்டு பெரிய முடிவுக்கு வருவது அவரிடம் இருந்த பலவீனம்.

இனி நம் பொருளுக்கு வருவோம். வட பீகாரில் அந்நாளில் அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுத்தார்கள். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அத்தொழில் தள்ளாடத் தொடங்கியது. அதைத் தூக்கி நிறுத்த ஜாவா அவுரி என்ற அதிகச் சாயம் தரும் வகையைத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்தார்கள். அதுவோ சில ஆண்டுகளிலேயே வாடல் நோய் கண்டு, மழைக்காலத்தில் நின்ற நிலையில் சாயத் தொடங்கியது. 1917-இல் காந்தியடிகள் சம்பாரண் சென்றாரே, அது இந்த அவுரி பூமிதான். தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு கட்டாயமாக அவுரி போட வேண்டும் என்ற நிபந்தனையில் நசுங்கிக்கொண்டிருந்தவன் உழவன். பயிர் ஏன் சாகிறது என்ற கேள்வி முதலாளிக்கு இலாபக் கணக்கு; உழவனுக்கு வயிற்றுக் கணக்கு.

பூசாவில் அவுரி ஆராய்ச்சி இரசாயனராக இருந்தவர் டபிள்யூ. ஏ. டேவிஸ். அவர் மண்ணைச் சோதித்துப் பார்த்தார். பயிர் எடுக்கத்தக்க பாஸ்பேட் மிக மிகக் குறைவாக இருந்தது. ஆகவே பீகார் மண் பாஸ்பேட் வறுமையால் நலிகிறது, உடனே பாஸ்பேட் உரம் இட்டாலன்றி அவுரி பிழைக்காது என்று 1918-இல் அவர் வெளியிட்டார். காரணம் தெளிவாகத்தான் இருந்தது. எலும்பையோ பாஸ்பேட் பாறையையோ கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் நீரில் கரையும் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். நம் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் 1906-இலேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பற்றாக்குறையை மூட்டையால் நிரப்பிவிடலாம் அன்றோ?

ஹோவர்டு தம்பதியர் வேறு வழியில் போனார்கள். மண்ணைப் புட்டியில் அடைத்துச் சோதிப்பதை விட்டு, செடியின் வேரைத் தோண்டினார்கள். தோண்டினார்கள் என்றால் பிடுங்கி எடுப்பதன்று. பிடுங்கினால் தலைமயிரினும் மெல்லிய தூவிகள் மண்ணோடு அறுந்து நின்றுவிடும். பக்கத்தில் பள்ளம் வெட்டி, நீரை மெல்லப் பீய்ச்சி, மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கழுவி, வேர்த்தொகுதி முழுவதையும் அது கிடந்த கோலத்திலேயே வெளிப்படுத்துவார்கள். கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, பின்பனியில் ஒருமுறை எனப் பருவந்தோறும் இதைச் செய்தார்கள். பழமரங்களிலும் இவ்வாறே கழுவிப் பார்த்து, மழைக்காலத்தில் மேல்வேர்களும், கடுங்கோடையில் ஆழவேர்களும் மாறி மாறி உழைக்கின்றன என்று கண்டார்கள். பொறுமை என்ற சொல்லுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. எங்களுள் சிலர் விடுதித் தோட்டத்தில் ஒரு துவரைச் செடியை இவ்வாறு கழுவ முயன்று, முக்கால் மணி நேரத்தில் பாதி வேரை அறுத்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வாடிய அவுரியின் வேரில் அவர்கள் கண்டது என்ன? மெல்லிய வேர்களும், காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகளும் அழுகி மடிந்திருந்தன. மழைநீர் தேங்கி மண்ணின் துளைகள் அடைபட, வேருக்கும் அதனருகே வாழும் நுண்ணுயிர்களுக்கும் காற்றுக் கிடைக்கவில்லை. மூச்சு முட்டிய வேர் எதையும் உறிஞ்சாது. ஆகவே செடி வாடியது வேர் இறந்ததால் என்று 1920-இல் அவர்கள் எழுதினார்கள்.

யார் சொன்னது சரி? இன்று படித்துப் பார்க்கையில் இருவரும் யானையின் வேறு வேறு பக்கத்தைத் தொட்டார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது. வடபீகாரின் அம்மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. அதில் கரையும் பாஸ்பேட் குறைவு என்பது உண்மை. டேவிஸ் அளந்தது பொய்யன்று. ஆனால் புட்டியில் அளந்த எண் ஒன்று. உயிருள்ள வேர் எடுத்துக்கொள்வது வேறொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே இருக்கும் கூட்டத்தை டேவிஸ் கணக்கில் எடுக்கவில்லை. ஹோவர்டு அதன் இருப்பை உணர்ந்தார், முழுமையாக அறியவில்லை.

அந்தக் கூட்டத்திற்கு முன்பே பெயர் வைத்தவர் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர். வேரைச் சுற்றியுள்ள மண் மற்ற மண்ணைப் போன்றதன்று, அங்கே பாக்டீரியாக்கள் திரண்டு வாழ்கின்றன என்று கண்டு, 1904-இல் அந்தச் சிறு வட்டாரத்துக்கு ரைசோஸ்பியர், அதாவது வேர்மண்டலம், என்று அவர் பெயரிட்டார். அங்கே நடப்பதை வீட்டுப் பாங்கில் இவ்வாறு சொல்லலாம். இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வெளியே கசியவிடுகிறது. அது பாக்டீரியாக்களுக்கு விருந்து. ஒரு சிட்டிகை வேர்மண்ணில் கோடிக்கணக்கில் அவை கூடுகின்றன. பேசில்லஸ், சூடோமோனாஸ் முதலிய இனங்களைச் சேர்ந்த சில, சர்க்கரையை உண்டு அமிலங்களை வெளிவிடுகின்றன. குளுகோனிக் அமிலம் அவற்றுள் முக்கியமானது. எலுமிச்சைச் சாறு பட்டால் கோலமாவுக் கல்லில் நுரை வருவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோல் அமிலம் பட்ட இடத்தில் சுண்ணாம்பின் பிடி தளர்ந்து பாஸ்பேட் கரைகிறது. செம்மண்ணிலோ, அந்த அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் தாம் பற்றிக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. மக்கிய இலை, வேர், சாணம் ஆகியவற்றில் இருக்கும் பாஸ்பரஸ் உயிர்ப்பொருளோடு பிணைந்தது. அதை வெட்டி எடுக்கப் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வேருமே சுரக்கின்றன.

இதில் பாக்டீரியாவுக்குத் தருமசிந்தை ஏதும் இல்லை. கரைத்த பாஸ்பரசை முதலில் அதுவே விழுங்கிக்கொள்கிறது. பின்னர் அது செத்தாலோ, அதைவிடப் பெரிய நுண்ணுயிர் ஒன்று அதைத் தின்றாலோதான் அச்சத்து மறுபடி மண்ணுக்கு வரும். அப்போது வேர் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளும். பாஸ்பேட் மண்ணில் நகரவே நகராத சோம்பேறி. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை வேர் உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அடுத்தது வந்து சேர நெடுநேரம் ஆகும். ஆகவே கரைப்பவன் வேருக்கு ஒட்டியே குடியிருக்க வேண்டும். ஒகேனக்கல் பாறைப் பிளவிலும் இதே குடித்தனம்தான் நடக்கிறது. அத்தியின் வேர் கசியவிடும் அமிலமும், அதைச் சூழ்ந்த நுண்ணுயிர்களின் அமிலமும் பாறையை இம்மி இம்மியாக அரித்துச் சோறு போடுகின்றன.

ஹோவர்டின் கதைக்குத் திரும்புவோம். 1924-இல் அவர் பூசாவை விட்டு இந்தூர் சென்று, ஹோல்கார் சமஸ்தானம் அளித்த சுமார் 300 ஏக்கர் நிலத்தில் தாவரத் தொழில் நிலையத்தை நிறுவினார். பூசாவில் ஒவ்வொரு துறையும் தனித்தனி அறையில் அடைந்து கிடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வேர், மண், மாடு, உரம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இடம் ஒன்று வேண்டும் என்று கேப்ரியல் அம்மையாரும் அவரும் பல்லாண்டு கனவு கண்டிருந்தார்கள். அங்கே உருவானதே புகழ்பெற்ற இந்தூர் முறைக் கம்போஸ்ட். பருத்திமாறு, களை, சருகு, மாட்டுத்தொழுவத்து மண், சாணம், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, காற்றோட்டத்திற்காக மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் கறுத்த மணமுள்ள எரு கிடைக்கும். நம் குப்பைக்குழியில் ஓராண்டு கிடந்தும் பாதி மக்காமல் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். யஷ்வந்த் வாட் என்ற இந்திய உதவியாளரோடு சேர்ந்து ஹோவர்டு 1931-இல் இதை நூலாக வெளியிட்டார்.

நூல் வந்தபோது அம்மையார் இல்லை. 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ஜெனிவாவில் அவர் காலமானார். வயது 53. அடுத்த ஆண்டே ஹோவர்டு இந்தியப் பணியை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பினார். பின்னர் அம்மையாரின் தங்கை லூயிஸ் மத்தாயை மணந்தார். அவரும் சிறந்த படிப்பாளி. கணவரின் இந்திய வாழ்க்கையை 1953-இல் நூலாக்கி, தம் தமக்கையின் பங்கையும் உலகம் அறியச் செய்தவர் அவரே.

1934-இல் சர் பட்டம் பெற்ற ஹோவர்டு ஓய்வெடுக்கவில்லை. 1937-38 குளிர்காலத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வடகிழக்கிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். நம் தமிழ்க் குடும்பங்கள் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய சரிவுகள் அவை. அங்கும் வேரைத் தோண்டினார். கம்போஸ்ட் இட்ட செடியின் வேர் மாதிரிகளை இங்கிலாந்தில் ரெய்னர் அம்மையாருக்கும் அவருடைய உடனுழைப்பாளர் லெவிசோன் அம்மையாருக்கும் அனுப்பினார். நுண்ணோக்கியில் பார்த்த அவர்கள், வேரின் உள்ளே பூஞ்சை குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். வேருக்கும் மண்ணுக்கும் இடையே உயிருள்ள பாலம் இதுவே என்று ஹோவர்டு துள்ளிக் குதித்தார். பூஞ்சையையே வேர் செரித்துப் புரதமாக உண்கிறது, பயிரின் நலமும் அதை உண்ணும் மனிதரின் நலமும் இதனால்தான் என்று ஒரே பாய்ச்சலில் போய்விட்டார்.

பாலம் என்றது சரி. பாலத்தில் என்ன சரக்கு போகிறது என்பதில்தான் பிழை. 1950-களிலும் அதன் பின்னரும், ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பார்பரா மோஸே அம்மையார் போன்றோர் செய்த ஆராய்ச்சியால், அந்தப் பூஞ்சை முதன்மையாகக் கொண்டுவந்து தருவது பாஸ்பரசே என்று தெளிவாயிற்று. வேர் எட்டாத தூரத்திற்குப் பூஞ்சையிழை சென்று, சோம்பேறிப் பாஸ்பேட்டைத் தேடி எடுத்து வருகிறது. தம்மை விமரிசித்த நிலையங்களுள் ஒன்று என்று ஹோவர்டு சாடிய அதே ராதம்ஸ்டெட், அவர் உள்ளுணர்வில் பாதியை மெய்ப்பித்தது ஒரு விந்தை. ஹில்ட்னர், ஹோவர்டு என்று ஆண்கள் பெயரே பாடநூலில் வந்தாலும், வேரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்று சொல்லத் தோன்றுகிறது. சற்று மிகையாயினும் சொல்லிவிட்டோம். பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் இனங்காண இன்றும் பயன்படும் வளர்ப்பூடகத்தை 1948-இல் வகுத்தவரும் பிகோவ்ஸ்கயா என்ற ரஷ்யப் பெண்மணியே. கரைக்காத பாக்டீரியாவைச் சுற்றி ஊடகம் வெண்மையாகவே இருக்கும். கரைக்கும் பாக்டீரியாவைச் சுற்றியோ நிலவைச் சுற்றிய பரிவேடம்போல் தெளிந்த வட்டம் தோன்றும்.

பிற்காலத்தில் ஹோவர்டு செயற்கை உரங்களைப் பொறுத்தமட்டில் மிகக் கடுமையாக எழுதினார். 1940-இல் வெளிவந்த வேளாண்மைச் சாசனம் என்ற பொருளுடைய நூல் அவருக்கு உலகப் புகழ் தந்தது. இயற்கை விவசாயம் பேசுவோர் இன்றும் அவரைத் தந்தையாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் ஒரு கணக்கை நாம் மறக்கலாகாது. பாக்டீரியா பாஸ்பரசைக் கரைக்கும், உண்டாக்காது. ஒவ்வொரு மூட்டைக் கேழ்வரகும் நிலக்கடலையும் சந்தைக்குப் போகும்போது கொஞ்சம் மணிச்சத்தும் வண்டியேறிப் போகிறது. அதைத் திருப்பித் தராமல் நுண்ணுயிரை மட்டும் நம்பினால், அது சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும் குடும்பம்போல் ஆகும். ஹோவர்டும் இதை அறியாதவரல்லர். நகரத்துக் கழிவுகளும் வயலுக்கே திரும்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது இதனால்தான். அதை நாம் இன்றுவரை ஒழுங்காகச் செய்யவில்லை. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், அவர் உழைத்த இந்தியா விடுதலை பெற்ற இரண்டு மாதங்களில், அவர் காலமானார்.

இன்று நம் மாவட்ட உழவர்களுக்குப் பாஸ்போபாக்டீரியா என்ற பெயரில் அந்தக் கரைக்கும் நுண்ணுயிர் 200 கிராம் பொட்டலங்களில் கிடைக்கிறது. ஒரு எக்டேருக்கான விதைக்கு மூன்று பொட்டலத்தை ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்கின்றனர். நிலத்தில் நேரடியாக இடுவதானால் பத்துப் பொட்டலத்தை 25 கிலோ தொழு உரத்தோடும் அதே அளவு மண்ணோடும் கலந்து தூவலாம். எல்லா வயலிலும் ஒரே பலன் கிடைப்பதில்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய விருந்தாளியை வரவேற்பதுமுண்டு, விரட்டுவதுமுண்டு. ஈரமும் மக்கும் இல்லாத மேட்டுக்காட்டில் அது தங்குவது கடினம். வெயிலில் வைத்த பொட்டலமோ பிரிக்கும் முன்பே செத்திருக்கும்.

ஒகேனக்கல்லிலிருந்து திரும்பியபின் எங்கள் பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்திகள் அமைத்தோம். இரண்டிலும் ஒரே கேழ்வரகு, ஒரே எரு. ஒன்றின் விதைக்கு மட்டும் கஞ்சியில் கலந்த பாஸ்போபாக்டீரியா. இம்மலர் அச்சுக்குப் போகும் இன்று நாற்றுக்குப் பதினெட்டு நாள். மேலே பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியவில்லை. பொறுமையிழந்த ஒன்பதாம் வகுப்பினர் பிடுங்கிப் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, சகோதரி பாத்தியைச் சுற்றி முள் வைத்திருக்கிறார்கள். நாற்பதாம் நாள் பக்கத்தில் பள்ளம் வெட்டி, பூவாளியில் மெல்ல நீர் விட்டு, வேரைக் கழுவிப் பார்ப்பதாக ஏற்பாடு. துவரையில் அறுத்தவர்களுக்கு இம்முறை வாளி தூக்கும் வேலை மட்டுமே.